இரண்டறக் கலத்தல் என்னும் பம்மாத்து

போன மாதக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் நவீன வீடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். கட்டுரையின் பெரும்பகுதி, கலிஃபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில், பாலைவன மலைச்சரிவு ஒன்றில் ஆல்பர்ட் ஃப்ரே என்ற கட்டிடக் கலைஞர் தனக்காகக் கட்டிக்கொண்ட சின்ன வீட்டைப் பற்றியது. அந்த வீட்டுக்குள்ளே ஒரு பெரிய பாறை இருக்கிறது. கட்டும்போது அதைப் பெயர்க்காமல் விட்டுவிட்டார்கள். நண்பர் அந்தப் பாறையை வைத்துக்கொண்டு ஒரு தத்துவமே செய்துவிட்டார். மனிதனும் இயற்கையும் இரண்டறக் கலந்த நிலை என்றார். நவீனக் கட்டிடக்கலை தன் பாவங்களுக்குத் தானே தேடிக்கொண்ட பரிகாரம் என்றார். கடைசியில் வீட்டிலிருந்து கவிதைக்குத் தாவி, நம் கவிதையும் இப்படி மண்ணோடு கலந்தால்தான் பிழைக்கும் என்று தீர்ப்பும் கூறிவிட்டு உட்கார்ந்தார். இருந்த பதினைந்து பேரும் கை தட்டினோம். நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீடு திரும்பும் பஸ்ஸில்தான் எரிச்சல் தொடங்கியது.

எரிச்சலுக்குக் காரணம் எளிமையானது. நண்பர் சொன்னதற்கு நேர் எதிரானதை அந்த வீடு சொல்கிறது. புகைப்படங்களை அவரும் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் பார்ப்பதற்கு முன்பே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தார். பாறை வந்து அந்த வாக்கியத்தில் உட்கார்ந்துகொண்டது.

அந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். பாதி நம் பக்தி மரபிலிருந்து. அங்கே ஆன்மாவும் ஆண்டவனும் கலப்பதைப் பற்றிய பேச்சு அது. அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு சாதனை இருந்தது, உடம்பை வருத்திய வாழ்க்கை இருந்தது. மறுபாதி பி.ஏ. ஆங்கில வகுப்பிலிருந்து. நானும் அதே வகுப்பில் உட்கார்ந்தவன்தான். இயற்கை என்றால் ஏரிக்கரை, மஞ்சள் பூக்கள், அமைதி என்று வேர்ட்ஸ்வொர்த்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சைக்கு அது போதும். இந்த இரண்டையும் ஒட்டினால் வருவதுதான் நண்பரின் ‘இயற்கையோடு இரண்டறக் கலத்தல்’. இதற்குச் செலவில்லை, அளவு கிடையாது, யாரும் மறுக்கவும் முடியாது. மறுக்க முடியாத வாக்கியத்தை விமர்சனம் என்று ஏற்க எனக்குச் சம்மதமில்லை.

சரிவு என்றால் என்ன என்று முதலில் பார்க்கலாம். வங்கியில் வீட்டுக்கடன் மேஜையில் சில வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பரிச்சயம் உண்டு. இரண்டு வருஷம் ஒரு மலையூர்க் கிளையில் இருந்தேன். அங்கே கடன் மனுவோடு வரும் வரைபடங்களில் ஒரு விசித்திரம். ஊரில் கால் ஏக்கர் சமதளம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வரைபடத்திலும் வீட்டின் அடியில் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரே ஒரு நேர்கோடு. பக்கத்தில் ‘தரைமட்டம்’ என்று எழுதியிருக்கும். செலவுப் பட்டியலின் முதல் வரி, மனையை மட்டப்படுத்துதல். அதன் பிறகு சமவெளியில் எந்த வீட்டைக் கட்டுவார்களோ அதே வீடு. மனுவை மேலே அனுப்புவது என் வேலை, அனுப்பினேன். மழைக்காலம் முடிந்து சிலர் இரண்டாவது கடனுக்கு வருவார்கள், தாங்குசுவர் கட்ட.

மட்டப்படுத்துவது என்றால் மேட்டுப் பக்கம் வெட்டி அந்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் நிரப்புவது. வெட்டிய பக்கம் மலை சாயப் பார்க்கும். நிரப்பிய பக்கம் வருஷக் கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். வீடு பாதி கெட்டி மண்ணிலும் பாதி புது மண்ணிலும் நின்றால் நடுவே விரிசல் விழும். தாங்குசுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் அது சுவரைத் தள்ளும். அதனால்தான் சுவரில் துவாரங்கள் விடுகிறார்கள். இதெல்லாம் எந்த மலைக்கும் பொது.

பாலைவனச் சரிவில் இன்னும் இரண்டு விஷயங்கள் சேரும். ஒன்று, மழை. பாலைவனத்தில் மழை பெய்யாது என்பது அரைகுறை அறிவு. பாம் ஸ்பிரிங்ஸில் வருஷத்துக்கு ஏறக்குறைய 5 அங்குலம்தான். ஆனால் அது தவணை முறையில் வருவதில்லை. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மிச்சம் அந்தப் பக்கம் போனபோது வருஷ மழையில் பாதிக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. பிடித்துவைக்கப் புல் இல்லை, உறிஞ்ச மண் தயாராக இல்லை. பத்து வருஷம் காய்ந்து கிடந்த ஓடை அரைமணி நேரத்தில் ஆறாகிவிடும். வீடு கட்ட வந்தவனுக்கு அது காய்ந்த மணல் தடமாகத்தான் தெரியும். இரண்டாவது, தழும்பு. ஈரமான நாட்டில் வெட்டிய இடத்தை ஒரு மழைக்காலம் மூடிவிடும். பாலையில் மூடாது. 1942-க்கும் 1944-க்கும் இடையில் அமெரிக்க ராணுவம் கலிஃபோர்னியா, அரிஸோனா பாலைவனங்களில் டாங்கிப் பயிற்சி நடத்தியது. அந்தத் தடங்களில் பல இன்னும் தரையில் அப்படியே இருக்கின்றன. பாறைகள் மேல் படிந்திருக்கும் கறுப்பு மெருகு உண்டாக ஆயிரக்கணக்கான வருஷங்கள் ஆகும். புல்டோஸருக்கு ஒரு காலை நேரம் போதும். ஆக, பாலைவனச் சரிவில் மண்வெட்டியை வைக்கிறவன் அழிக்க முடியாத மையில் எழுதுகிறான். அங்கே கலப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் எங்கே தொடக்கூடாது என்பதைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி ஃப்ரே. 1903-ல் ஸூரிச்சில் பிறந்தவர். 1920-களின் இறுதியில் பாரிஸில் லெ கொர்பூஸியேயிடம் வேலை பார்த்தார். வீட்டை இயந்திரத்தோடு ஒப்பிட்டதற்காக நம் நண்பர் கட்டுரை முழுக்கத் திட்டித் தீர்த்தாரே, அதே கொர்பூஸியே. 1931-ல் நியூயார்க்கில் லாரன்ஸ் கோச்சரோடு சேர்ந்து கண்காட்சிக்காக ஃப்ரே கட்டிய வீட்டின் பெயரே அலுமினேர். எஃகும் அலுமினியமும் கண்ணாடியும். 1934-ல் பாம் ஸ்பிரிங்ஸ் வந்தார். கடைசியில் அங்கேயே தங்கிவிட்டார். பாறை உள்ள வீடு 1964-ல் முடிந்தது. ஊருக்கு 220 அடி மேலே இருக்கிறது. முதலில் கட்டியது ஏறக்குறைய 800 சதுர அடி, அதாவது ஒரே அறை. அவர் 1998-ல் தன் 95-வது வயதில் இறக்கும்வரை அங்கேதான் வாழ்ந்தார்.

இந்த 800 சதுர அடிக்கு இடம் தேட அவர் 5 வருஷம் எடுத்துக்கொண்டார். இடம் கிடைத்த பிறகு ஒரு கம்பை நட்டு, வெயில் எப்படி நகர்கிறது, நிழல் எங்கே விழுகிறது என்று மேலும் ஒரு வருஷம் அளந்தார். நண்பரின் கட்டுரையில் இந்த ஒரு வருஷம் இல்லை. எனக்கு அந்த வீட்டில் முக்கியமான விஷயமே இந்த ஒரு வருஷம்தான். அளந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. பாம் ஸ்பிரிங்ஸ் ஏறக்குறைய 34-வது வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாதக் கடைசியில் உச்சிச் சூரியன் அங்கே 80 பாகை உயரத்தில் நிற்கும், டிசம்பரில் 33 பாகையில். தெற்குப் பார்த்த கண்ணாடிச் சுவருக்கு மேல் கூரையை 3 அடி நீட்டினால், ஜூன் நண்பகலில் 17 அடி உயரத்துக்கு நிழல் கிடைக்கும். டிசம்பரில் அதே 3 அடி, 2 அடிக்குத்தான் நிழல் தரும். மீதி வெயில் உள்ளே வந்து தரையைச் சூடாக்கும். கோடையில் தடுத்துக் குளிர்காலத்தில் அனுமதிக்கும் காவல்காரனை 3 அடித் தகடாகச் செய்துவிடலாம். கிழக்கிலும் மேற்கிலும் இந்தக் கணக்கு செல்லாது, வெயில் அங்கே தாழ்வாக நுழையும். ஆனால் ஃப்ரேயின் சரிவுக்கு மேற்கே 10,000 அடிக்கு மேல் உயர்ந்த ஸான் ஹஸின்டோ மலை இருக்கிறது. சாயங்கால வெயிலை மலையே முன்கூட்டி மறைத்துவிடுகிறது. சரிவைத் தேர்ந்தெடுத்ததே பாதி வடிவமைப்பு. இது கலத்தல் அல்ல. எதிரே நிற்பவனின் குணத்தை ஒரு வருஷம் கவனித்துவிட்டுப் பிறகு பேச்சைத் தொடங்குவது.

கட்டியவிதத்தைப் பாருங்கள். கான்கிரீட் கட்டைகளால் ஒரு மேடை. அதன் மேல் எஃகுச் சட்டம், கண்ணாடிச் சுவர், நெளி உலோகத் தகட்டுக் கூரை. கூரை மலையின் சாய்வையே பின்பற்றிச் சாய்கிறது. மேடையில் நீச்சல் குளம், அதன் கீழே கார். எல்லாமே தொழிற்சாலைச் சரக்கு. ஒரு பொருளாவது தன்னை மலையென்று சொல்லிக்கொள்ளவில்லை. தகடு தகடாக இருக்கிறது, பாறை பாறையாக இருக்கிறது. பாறை உள்ளே வரும் இடத்தில் ஃப்ரே கண்ணாடியைப் பாறையின் விளிம்புக்கு ஏற்ப வெட்டிப் பொருத்தியிருக்கிறார். அந்த வெட்டு கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டு பொருள்கள் அங்கே சந்திக்கின்றன. இரண்டில் எது விட்டுக்கொடுத்தது என்பதும் தெரிகிறது. பாறை படுக்கைக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே தடுப்பாக நிற்கிறது. அதாவது அதற்கு வேலை இருக்கிறது. இன்னொன்று, பாறையிலேயே விளக்கு ஸ்விட்சைப் பதித்திருக்கிறார். நண்பர் கவனமாகத் தவிர்த்த தகவல் இது. இரண்டறக் கலந்தவன் யாராவது கலந்த பொருளில் ஸ்விட்ச் வைப்பானா? இருவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம், ஆனால் நீ வேறு நான் வேறு என்பதை அந்த ஸ்விட்ச் கொஞ்சம் குறும்போடு சொல்கிறது. திரைச்சீலைக்கு மஞ்சள் நிறம் வைத்தார். வசந்தத்தில் அந்தச் சரிவில் என்ஸீலியா என்ற புதர் பூக்கும் மஞ்சள். பூவைப் போல ஒரு வீடு கட்டவில்லை. திரைக்கு நிறம் வேண்டும், எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்கு வெளியே பார்த்துப் பதில் கண்டுபிடித்தார். அவ்வளவுதான்.

நண்பர் தேடும் கலத்தல் உண்மையில் எங்கே கிடைக்கும் என்றால் ஃப்ராங்க் லாயிட் ரைட்டிடம் கிடைக்கும். ரைட் 1937-ல் அரிஸோனாவில் ஸ்காட்ஸ்டேல் அருகே, மெக்டவல் மலையடிவாரத்தில் தாலியெஸின் வெஸ்ட்டைத் தொடங்கினார். அதன் அழகை நான் மறுக்கவில்லை. சாய்ந்த கனத்த சுவர்கள், சிவப்பு மரச் சட்டங்கள், அவற்றின் மேல் கித்தான் கூரை, கித்தான் வழியே இறங்கும் பால் போன்ற வெளிச்சம். ஆனால் சுவர் செய்த முறையைக் கேளுங்கள். மரப் பலகைகளால் அச்சு அமைத்து, பாலைவனத்துக் கற்களைப் பொறுக்கி வந்து, ஒவ்வொரு கல்லின் தட்டையான முகத்தையும் பலகைப் பக்கம் திருப்பி அடுக்கி, நடுவே கான்கிரீட்டை ஊற்றுவது. பலகையை எடுத்தால் கற்கள் எல்லாம் முகம் காட்டி நிற்கும். சரிவில் அவை கிடந்த கிடை வேறு. சுவரில் நாடகக் கோஷ்டி மாதிரி சபையைப் பார்த்து நிற்கின்றன. கான்கிரீட்தான் தாங்குகிறது, பெயர் கல்லுக்கு. உழைத்தவர்கள் கட்டணம் கட்டிப் படிக்க வந்த சீடர்கள். பிற்பாடு அவர் பார்வைக்குக் குறுக்கே மின்கம்பிகள் போனபோது ரைட் கொதித்துப்போய் ஜனாதிபதி ட்ரூமனுக்கே எழுதிப் பார்த்தார், பலிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சங்கதி: தாலியெஸின் வெஸ்ட் ஒரு குளிர்கால முகாம். கோடை வந்தால் ரைட்டும் பரிவாரமும் விஸ்கான்ஸினுக்குக் கிளம்பிவிடுவார்கள். பாலைவனத்தோடு இரண்டறக் கலந்தவர் மே மாதம் வந்தால் பிரிந்துவிடுவார். இந்தப் பருவகாலக் கலப்பை நம் கவிஞர்களிடமும் பார்க்கிறேன். பொங்கலுக்கும் கொடைக்கும் ஊருக்குப் போய்வந்து மண் கவிதை எழுதுகிறவர்கள், சித்திரை வெயிலில் அந்த ஊரில் இருப்பதில்லை.

ரைட்டாவது பெரிய கலைஞர். பாறைச் சமாசாரம் எவ்வளவு சீக்கிரம் சரக்காகிவிடும் என்பதற்கு பாம் ஸ்பிரிங்ஸிலேயே உதாரணம் இருக்கிறது. 1968-ல் ஜான் லாட்னர் அங்கே ஒரு மலைமுகட்டில் எல்ராட் என்ற அலங்கார நிபுணருக்காக ஒரு வீடு கட்டினார். வட்டமான பெரிய கூடம், மேலே கான்கிரீட் குடை. இந்த வீட்டுக்குள்ளும் பாறைகள் இருக்கின்றன. எப்படி வந்தன? லாட்னர் தரையை மேலும் 8 அடி தோண்டி, புதைந்திருந்த பாறைகளை வெளியே கொண்டுவந்தார், கூடத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக. கான்கிரீட் வேலை அசாத்தியமானது, சந்தேகமில்லை. ஆனால் பாறையின் அந்தஸ்து மாறிவிட்டது. ஃப்ரேயின் வீட்டில் பாறை குறுக்கே நின்றது, கண்ணாடி வளைந்து கொடுத்தது. லாட்னரின் வீட்டில் பாறையை வரவழைத்திருக்கிறார்கள், விருந்துக்கு. 1971-ல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அந்தக் கூடத்தில் சண்டைக் காட்சி எடுத்ததில் ஆச்சரியமில்லை. புகைப்படத்தில் பார்க்கும் நண்பருக்கு இரண்டும் ஒன்று, இரண்டிலும் உள்ளே பாறை. விமர்சகனின் வேலை அந்த 8 அடி வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது.

இந்த 8 அடியை நம் கவிதையிலும் அளக்க முடியும். ஒரு கவிதைக்குள் ஊர்ச்சொல் வருகிறது, ஒரு சிறுதெய்வம் வருகிறது, பாட்டியின் பழமொழி வருகிறது. அது குறுக்கே நின்றதால் வாக்கியம் வளைந்ததா, அல்லது கூடத்தில் வைக்கத் தோண்டி எடுத்ததா? முதலாவதில் வாக்கியத்தின் விளிம்பில் வெட்டுத் தெரியும், ஓசை அங்கே இடறும், அந்த இடறலுக்கு அர்த்தம் இருக்கும். இரண்டாவதில் எல்லாம் வழுவழுவென்று இருக்கும். சென்ற சில வருஷங்களில் வந்த தொகுப்புகளில் சுடலைமாடன்களும் இசக்கிகளும் அத்தனை பேரும் சபையைப் பார்த்து நிற்கிறார்கள், ரைட்டின் கற்கள் மாதிரி. இன்னொரு வகை, என் மலையூர் வரைபடங்கள் மாதிரி. மொழியை முதல் வேலையாக மட்டப்படுத்திவிட்டு, அதன் மேல் எங்கேயும் பொருந்தும் ஒரு கவிதையைக் கட்டுவது. நண்பர் இரண்டாவது நோய்க்கு முதலாவதை மருந்தாகச் சொல்கிறார். என் ஆட்சேபம் இதுதான்.

நவீனமே வேண்டாம், மண்ணின் முறையிலேயே கட்டுவோம் என்று ஒரு கட்சி உண்டு. கூட்டத்தில் இன்னொருவர் எழுந்து எகிப்தின் ஹஸன் ஃபாத்தியின் பெயரைச் சொன்னார். நல்ல பெயர். ஆனால் கதையை முழுதும் சொல்ல வேண்டும். லக்ஸருக்கு எதிர்க்கரையில் குர்னா என்ற ஊர் பாலைவன மலைச்சரிவில், பண்டைய பிரபுக்களின் கல்லறைகளுக்கு மேலேயே இருந்தது. கல்லறைத் திருட்டு நடக்கிறதென்று அரசாங்கம் ஊரையே கீழே சமவெளிக்கு மாற்ற முடிவு செய்தது. ஃபாத்தி 1945-க்கும் 1948-க்கும் இடையில் புது குர்னாவைக் கட்டினார். நூபியக் கொத்தர்களை வரவழைத்து, பச்சைச் செங்கல்லில், சாரம் இல்லாமல் வளைவும் குவிமாடமும் எழுப்பினார். பொருளும் முறையும் அந்த நாட்டுடையவை. ஆனால் ஜனங்கள் வர மறுத்தார்கள். குவிமாடம் செத்தவர்களுக்கு உரியது என்றார்கள். மேலே சரிவில் அவர்களுக்குப் பிழைப்பு இருந்தது. நிர்ப்பந்தித்துக் கீழே இறக்க வந்தவன் களிமண்ணில் கட்டினால் என்ன, கான்கிரீட்டில் கட்டினால் என்ன? ஃபாத்தி தன் புத்தகத்தில் இந்தத் தோல்வியை மறைக்காமல் எழுதியிருக்கிறார் என்பது அவருடைய பெருமை. பிற்பாடு 2006 இறுதியில் தொடங்கி, அரசாங்கம் சரிவிலிருந்த பழைய வீடுகளை இடித்தே தீர்த்தது. மண்ணின் பொருளைப் பயன்படுத்துவதும் அந்த மண்ணில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்பதும் வேறு வேறு காரியங்கள்.

இதைச் சொல்லிவிட்டு ஃப்ரேயை மட்டும் மாலை போட்டு உட்காரவைத்தால் நானும் நண்பரைப் போலவே நடந்துகொண்டவன் ஆவேன். அந்த வீட்டுக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கண்ணாடி. 2024 ஜூலை 5-ஆம் தேதி பாம் ஸ்பிரிங்ஸில் வெப்பம் 124 டிகிரி ஃபாரன்ஹீட். அந்த வெப்பத்தில் கண்ணாடிச் சுவர் மின்சாரத்தை நம்பித்தான் நிற்க வேண்டும். 3 அடிக் கூரையும் மலை நிழலும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளாது. அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான கவீயா ஜனங்கள் பனையோலையாலும் புதர்க் கழிகளாலும் குடில் போட்டார்கள், கோடையில் தண்ணீர் ஓடும் மலைப்பிளவுகளுக்குப் போனார்கள். ஒரே இடத்தில் பன்னிரண்டு மாதமும் கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவது நவீன மனிதனின் பிடிவாதம். அதற்கு ஒரு கம்பெனியிலிருந்து கம்பி வர வேண்டும்.

இரண்டாவது இன்னும் கனமானது. அந்தக் கண்ணாடி வழியாகக் கிழக்கே பார்த்தால் என்ன தெரியும்? ஊர் தெரியும். ஊரின் நடுவே செக்ஷன் 14 என்று ஒரு சதுர மைல் நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பள்ளத்தாக்கைச் சதுரங்கப் பலகை மாதிரி சதுரங்களாகப் பிரித்து, ஒன்று ரயில் கம்பெனிக்கு, அடுத்தது அக்வா கலியென்டே கவீயா இனத்தவருக்கு என்று மாற்றி மாற்றி ஒதுக்கினார்கள். செக்ஷன் 14 கவீயாக்களுக்கு உரியது. நீண்ட காலக் குத்தகைக்குச் சட்டம் இடம் தராததால் பெரிய கட்டிடங்கள் அங்கே வரவில்லை. வேறு இடத்தில் வீடு கிடைக்காத கறுப்பர்களும் மெக்ஸிக்கர்களும் அங்கே வாடகை நிலத்தில் சின்ன வீடுகள் கட்டிக்கொண்டார்கள். பாம் ஸ்பிரிங்ஸின் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் கட்டிட வேலைகளிலும் உழைத்தவர்கள் அவர்கள். 1959-ல் 99 வருஷக் குத்தகைக்குச் சட்டம் அனுமதி தந்ததும் அந்தச் சதுர மைல் தங்கமாகிவிட்டது. 1960-களில் நகராட்சி வீடுகளை இடித்தது, எரித்தது. 1968-ல் கலிஃபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் இதைப் பற்றி மிகக் கடுமையான வார்த்தைகளில் அறிக்கை தந்தது. நஷ்டஈடாக 59 லட்சம் டாலர் தர நகராட்சி ஒப்புக்கொண்டது 2024-ல்.

காலத்தைக் கவனிக்க வேண்டும். மேலே சரிவில் ஒரு மனிதர் கம்பு நட்டு நிழலை அளந்து, ஒரு பாறையைப் பெயர்க்க மனமில்லாமல் கண்ணாடியை வெட்டிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், கீழே வீடுகள் எரிந்தன. ஃப்ரே எரித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1950-களில் எழுந்த அந்த ஊர் நகராட்சிக் கட்டிடம் அவரும் கூட்டாளிகளும் வடிவமைத்தது. அழகான கட்டிடம், படங்களில் பார்த்திருக்கிறேன். வெயிலை வடிகட்ட வெட்டிய குழாய்த் துண்டுகளால் அதற்கு ஒரு திரை உண்டு. அங்கேயும் வெயிலை அளந்திருக்கிறார்.

அளவு இத்தனை நுட்பமாக இருந்தும் ஏன் பாறையோடு நின்றது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. பாறை பேசாது, வாடகை கேட்காது, வழக்குப் போடாது என்பதாலா? மனிதர்களுக்காகக் கண்ணாடியை வெட்ட வேண்டியிருந்தால் எங்கே வெட்டியிருப்பார்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் நண்பரின் ‘இரண்டறக் கலத்தல்’ இந்தக் கேள்வியைக் கேட்கவே விடாது என்பது மட்டும் தெரியும். இயற்கையோடு கலந்துவிட்டவனுக்கு ஊர் எதற்கு? கலப்பு என்ற வார்த்தை வந்ததும் எல்லை மறைந்துவிடுகிறது. எல்லை மறைந்தால் அந்தப் பக்கம் நிற்பவர்கள் யார் என்பதும் மறைந்துவிடுகிறது. மாறாக, வெட்டு தெரிகிற வீட்டில் இருப்பவன், இங்கே நான் நிறுத்தினேன், இதற்கு இடம் விட்டேன் என்று கணக்குச் சொல்ல முடியும். எதற்கு இடம் விடவில்லை என்று அடுத்தவன் அவனைக் கேட்கவும் முடியும். ஃப்ரேயைக் குற்றம் சாட்ட எனக்கு வழி கொடுப்பதே அவருடைய நேர்மைதான். ரைட்டின் சுவரிடம் நான் எதைக் கேட்பேன்? அது ஏற்கெனவே தன்னை மலை என்று சொல்லிவிட்டது.

நாமும் ஒரு சரிவில்தான் இருக்கிறோம். 800 சதுர அடிப் பத்திரிகை, சில நூறு வாசகர்கள், நல்ல காட்சி. ஒரு சொல்லுக்காக ஆறு மாதம் காத்திருக்கிறோம் என்று பெருமைப்படுகிறோம், காத்திருக்கவும் செய்கிறோம். அதை நான் கேலி செய்யவில்லை. அந்த ஒரு வருஷக் கம்பு இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே தெரியும் ஊரை நம்மில் எத்தனை பேர் அளந்திருக்கிறோம்? கிராமத்துச் சொல்லை எடுத்துக்கொண்டு வந்தோம், அந்தச் சொல்லைப் பேசியவன் எங்கே போனான் என்று கேட்டோமா? வங்கி மேஜையில் இருந்துகொண்டு நேர்கோடு போட்ட வரைபடங்களில் முத்திரை குத்தி மேலே அனுப்பியவன் நான். மற்றவர்களைவிட எனக்கு இதில் அதிகப் பொறுப்பு என்பது தெரிந்தே கேட்கிறேன்.

போன மாதம் தட்டிய கையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நண்பர் அடுத்த இதழில் பதில் எழுத வேண்டும், கோபமாகவே எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனை. ‘கலத்தல்’ என்ற சொல்லை ஒரு தடவைகூடப் பயன்படுத்தாமல் அந்த வீட்டை விவரிக்க வேண்டும். பாறையும் கண்ணாடியும் சேரும் இடத்திலிருந்து தொடங்கினால் சௌகரியமாக இருக்கும்.